டிசம்பரில் மெரினாவா, பெசன்ட் நகரா, கோவளமா? பிள்ளைகளோடு கடலுக்கு வருகிறவர்களுக்கு

கேள்வி: அரையாண்டு விடுமுறைக்கு ஈரோட்டிலிருந்து சென்னை வருகிறோம். பிள்ளைகளுக்கு ஆறு வயது, பத்து வயது. திருவல்லிக்கேணியில் சித்தி வீட்டில் தங்குவோம். போன முறை மெரினாவில் இடுப்பளவு தண்ணீரில் ஆடிவிட்டு வந்த மூன்றாம் நாள் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. கால்களில் தடிப்பும் இருந்தது. "மெரினாதான் அசுத்தம், பெசன்ட் நகருக்குக் கூட்டிக்கொண்டு போ" என்கிறார் சித்தி. "உப்புத் தண்ணீரில் எந்தக் கிருமியும் பிழைக்காது, பேசாமல் குளிக்க விடு" என்கிறார் சித்தப்பா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சித்தி சொல்வது கோடையில் பெரும்பாலும் சரி, டிசம்பரில் சரியில்லை. சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. விட்டுப்போன பாதிதான் பிள்ளைகளைப் படுக்கையில் தள்ளுகிறது.

முதலில் மெரினா. அங்கே குளிக்கவே கூடாது. தண்ணீர் பன்னீராக இருந்தாலும் கூடாது. காவல்துறை தடை போட்டிருப்பது கிருமிக்காக அல்ல, உயிருக்காக. மெரினாவில் மணல்தான் அகலம். தண்ணீருக்குள் தரை சட்டென்று இறங்கிவிடும். கரையில் மோதிய அலை திரும்பும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போகும். முழங்கால் அளவில் நிற்கிற ஆறு வயதுப் பையனுக்கு அடுத்த அலையில் கழுத்தளவு வந்துவிடும். அலைகளுக்கு இடையே கடலை நோக்கி ஓடும் இழுப்பு வேறு. நீச்சல் தெரிந்த கல்லூரி மாணவர்களையே அது கொண்டுபோயிருக்கிறது. ஆகவே மெரினாவில் கால் நனைப்பதோடு சரி. அதுவும் பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்க வேண்டும்; "இங்கேதானே நிற்கிறான்" என்று கைபேசியை எடுக்கக் கூடாது.

இனி நீங்கள் கேட்ட அசுத்தத்துக்கு வருகிறேன். இதற்கு ஊரின் அமைப்பைக் கொஞ்சம் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். மெரினாவின் வடக்கு முனையில் நேப்பியர் பாலத்தைத் தாண்டியதும் கூவம் கடலில் கலக்கிறது. தெற்கே பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தை ஒட்டி அடையாறு கலக்கிறது. அடையாற்றுக்குத் தெற்குக் கரையில் பெசன்ட் நகர். சாக்கடை கலந்து வரும் இரண்டு முகத்துவாரங்களுக்கு நடுவில் மெரினா. இரண்டாவதற்குப் பக்கத்திலேயே பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரை.

எந்தக் கரை அசுத்தம் என்பது, அந்த ஆற்றுத் தண்ணீர் கடலில் விழுந்த பிறகு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. சென்னைக் கடலில் கரையோர நீரோட்டம் ஆண்டுக்கு இரண்டு முறை திசை மாறும். சுமாராக மார்ச் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வடக்கே ஓடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. கோடையில் அடையாற்றுத் தண்ணீர் பட்டினப்பாக்கம், சாந்தோம் பக்கமாக ஏறும், பெசன்ட் நகர் தப்பிக்கும். கூவத்துத் தண்ணீர் துறைமுகத்துப் பக்கம் ஒதுங்கும். சித்தியின் அனுபவம் ஏப்ரல், மே மாத மாலைகளில் பெற்றதாக இருக்கும்.

டிசம்பரில் எல்லாம் தலைகீழ். கூவம் தெற்கே திரும்பி, அண்ணா, எம்.ஜி.ஆர். நினைவிடங்களுக்கு எதிரே உள்ள மெரினாக் கரையை ஒட்டி இறங்கும். அடையாறு பெசன்ட் நகர்ப் பக்கம் இறங்கும். ஒரு நாள் காற்றும் ஓதமும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றலாம், ஆனால் பருவத்தின் போக்கு இதுதான். எனவே நீங்கள் வரும் மாதத்தில் மெரினாவை விட்டுப் பெசன்ட் நகர் போவது ஓர் ஆற்றிடமிருந்து தப்பி இன்னோர் ஆற்றிடம் போவதுதான். எலியட்ஸில் நடக்கலாம், உட்காரலாம், பிள்ளைகள் மணலில் ஓடலாம். தண்ணீரைத் தொடத்தான் வேண்டும் என்றால் முகத்துவாரத்தை விட்டு எவ்வளவு தெற்கே போகிறீர்களோ அவ்வளவு நல்லது.

பருவமழையில் இன்னொரு சங்கதி இருக்கிறது, பலர் கவனிக்காதது. 1870களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலைத் தடுத்தது. தடுபட்ட மணல் தெற்கே குவிந்ததால்தான் இன்றைய அகலமான மெரினா உண்டானது. (வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரித்துப்போனது அதன் மறுபக்கம். அந்தக் கணக்கை இன்னும் யாரும் முழுசாகத் தீர்க்கவில்லை.) அதே மணல்தான் கூவத்தின் வாயையும் அடைக்கிறது. கோடையில் ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் முகத்துவாரத்தில் மணல் திட்டு எழும்பும், கழிவுநீர் உள்ளேயே தேங்கும். பெருமழையில் ஆறு திட்டை உடைத்துக்கொள்ளும், அல்லது இயந்திரம் வைத்து வெட்டிவிடுவார்கள். மாதக்கணக்கில் தேங்கியது மொத்தமும் சில நாட்களில் கடலுக்கு வந்துவிடும். 2019 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பட்டினப்பாக்கம் பக்கம் கரையெங்கும் வெள்ளை நுரை ஒதுங்கியது, பிள்ளைகள் அதை அள்ளி ஆடினார்கள், பெற்றோர் படம் எடுத்தார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரும் அதில் உள்ள சோப்புச் சத்தும் அலையில் அடிபட்டு எழும் நுரை அது. கரையில் அப்படிக் கண்டால் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

தண்ணீரைச் சோதிக்கும் நாங்கள் சோதனைக்கூடத்தில் பார்ப்பது மலக் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாவை. மலத்தில் இருக்கும் அது தண்ணீரில் தென்பட்டால் சாக்கடை கலந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். கடலில் குளிப்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு 100 மில்லி லிட்டரில் 100. சுத்திகரிக்காத சாக்கடையில் அதே 100 மில்லியில் 10 லட்சம் முதல் 1 கோடி வரை இருப்பது சாதாரணம். அப்படியென்றால் ஒரு லிட்டர் சாக்கடையை அந்த அளவுக்கு இறக்க, வெறுமனே கலந்துவிடும் கணக்கில் பார்த்தால், 10,000 முதல் 1 லட்சம் லிட்டர் கடல்நீர் வேண்டும். கடல் பெரியதுதான். ஆனால் ஆற்றுத் தண்ணீர் உப்பு குறைந்தது, லேசானது. உடனே முழுக்கடலோடு கலந்துவிடாமல் மேலாகப் பரவிக் கரையை ஒட்டியே போகும். பிள்ளைகள் விளையாடுவதும் அதே பட்டையில்தான்.

சோதனை முடிவைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். பாக்டீரியா வளர்ந்து எண்ணிக்கை தெரிய ஒரு நாளாவது ஆகும். கையில் வரும் அறிக்கை நேற்றைய அல்லது அதற்கு முந்தைய தண்ணீரைப் பற்றியது. பல மாத அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கரையின் குணம் தெரியும், இன்றைய தண்ணீர் தெரியாது. ஆகவே குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் மழைதான். நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு மூன்று நாள் தண்ணீருக்குள் போகாதீர்கள். தண்ணீர் பழுப்பாக இருந்தாலோ, ஆகாயத்தாமரை மிதந்து வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ மூன்று நாள் கழிந்திருந்தாலும் இறங்கக் கூடாது. தெளிவாக இருப்பதை மட்டும் வைத்து நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டவும் முடியாது. வைரஸைக் கண்ணால் பார்க்க முடிந்தால் எங்களுக்கு வேலை இருக்காது.

சித்தப்பாவின் உப்புக்கு வருவோம். உப்பும் வெயிலும் சேர்ந்து மலக் கோலிஃபார்மைக் கொல்வது உண்மை. சுள்ளென்ற வெயிலில் சில மணி நேரத்திலேயே எண்ணிக்கை நன்றாகக் குறையும். ஆனால் குடலைத் தாக்கும் நோரோ வைரஸும், மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் அவ்வளவு எளிதில் சாகாது. என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவும் கோலிஃபார்மைவிடக் கடலில் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் கடல் குளியலுக்கு அதையே அளவாக எடுத்துக்கொள்கிறது. குளிக்கும் பருவம் முழுக்க எடுத்த மாதிரிகளில் 95 சதவீதம் 100 மில்லிக்கு 40க்குள் இருந்தால் ஒருமுறை குளிப்பதால் வயிற்றுக் கோளாறு வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. 500ஐத் தாண்டினால் 10 சதவீதத்துக்கும் மேலே. இன்னொன்று, டிசம்பரில் வானம் மூடியிருக்கும், மழைநீரால் கரையோரத்தில் உப்பு குறையும், கலங்கலுக்குள் வெயில் இறங்காது. சித்தப்பா நம்புகிற இரண்டு காவலாளிகளும் விடுப்பில் இருக்கும் மாதம் அது.

சின்னவனுக்கு போன முறை வந்தது கடலால்தானா? இருக்கலாம். குழந்தைகள் விளையாடும்போது பெரியவர்களைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்துவிடுகிறார்கள். நீச்சல் குளத்தில் நடந்த ஓர் ஆய்வில் 45 நிமிடத்தில் பெரியவர்கள் சராசரியாக 16 மில்லியும் சிறுவர்கள் 37 மில்லியும் விழுங்கியிருந்தார்கள். மூன்றாம் நாள் என்பதும் பொருந்துகிறது. ஆனால் அன்று மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலும் சாப்பிட்டிருப்பான், ஈர மணலை அளைந்த அதே கையால். ஈர மணலில் வெயில் படாமல் கிருமிகள் தங்கும். பல கரைகளில் தண்ணீரைவிட மணலில் அதிகம் கண்டிருக்கிறார்கள். எது காரணம் என்று இப்போது பிரிக்க முடியாது. பாட்டிலில் குழாய்த் தண்ணீரும் ஒரு துண்டு சோப்பும் பையில் இருக்கட்டும். கை கழுவிய பிறகு சுண்டல் வாங்குங்கள். கால் தடிப்பு சொறி பட்டதாலும் வரும். ஜெல்லி மீனைத்தான் சொல்கிறேன், அறுந்து மிதக்கும் அதன் இழை பட்டாலே போதும். அப்போது மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரையும் ஊற்றாதீர்கள். கடல்நீராலேயே அலசி, ஒட்டியதை விரல் படாமல் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி அடங்கும். மூச்சுத் திணறலோ முகத்தில் வீக்கமோ வந்தால் நேரே மருத்துவமனை.

சரி, பிள்ளைகள் குளித்தே ஆக வேண்டுமா? கோவளம் போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் சர்வதேசச் சான்றான 'நீலக்கொடி'யை 2021 செப்டம்பரில் பெற்ற கரை. அந்தச் சான்றுக்கு என்டரோகாக்கஸ் 100 மில்லிக்கு 100க்குள்ளும், மலக் கோலிஃபார்ம் வகையைச் சேர்ந்த ஈ. கோலை 250க்குள்ளும் இருக்க வேண்டும், உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டில் உயிர்காப்பாளர்தான் பெரிய விஷயம். அவர்கள் காட்டும் எல்லைக்குள், அவர்கள் இருக்கும் நேரத்தில் மட்டும் குளியுங்கள்.

ஆனால் கோவளத்துக்கும் ஓர் ஆறு போன்ற ஒன்று உண்டு. ஊருக்கு வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் உபரிநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, அங்கேதான் கடலைச் சேர்கிறது. தென்சென்னையில் வெள்ளம் என்று செய்தியில் பார்த்தால், அந்தத் தண்ணீர் போய்ச்சேரும் வழி இது. டிசம்பர் நீரோட்டம் அதைத் தெற்கே, கோவளத்துப் பக்கம்தான் தள்ளும். கொடி பறந்தாலும் மூன்று நாள் கணக்கு அங்கும் பொருந்தும். துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தாலோ, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று செய்தியில் சொன்னாலோ அன்றைக்குக் கடல் பயணமே வேண்டாம். கோவளத்தைத் தாண்டி அதே சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணைக்குப் போய்விடுங்கள், பிள்ளைகள் குறை சொல்ல மாட்டார்கள்.

தப்பித்தவறி யாராவது இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, அதில்தான் சக்தி தீர்ந்து மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பை விட்டு விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்காமல் மிதக்கக்கூடிய எதையாவது எறிய வேண்டும்: காலிக் கேன், பந்து, எதுவானாலும்.

தோலில் ஆறாத புண் உள்ளவர்கள் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். சித்தப்பாவுக்குச் சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அவருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் இப்படிப்பட்டவர்களின் புண் வழியாக ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

குளித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காதைத் துடைத்து, ஈர உடையை மாற்றுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, சோர்ந்து துவளுதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். டைபாய்டு வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று வாரம், ஹெபடைடிஸ் ஏ தெரிய 50 நாள் வரைகூட ஆகலாம். இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. போட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன் அட்டையைப் பாருங்கள். ஊர் திரும்பிய பிறகு ஜனவரியிலோ பிப்ரவரியிலோ விடாத காய்ச்சல் வந்தாலும், கண் மஞ்சளித்தாலும், ஈரோட்டு மருத்துவரிடம் விடுமுறையில் கடலில் குளித்ததையும் சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாது.