புதோவை ஏன் வேண்டாம் என்றீர்கள்?

கேள்வி: சென்னையில் உளவியல் படித்துவிட்டு, இப்போது பிலிப்பைன்ஸில், கேசோன் சிட்டியில் ஆலோசனை உளவியல் முதுகலை படிக்கிறேன். பயிற்சிக்காக ஒரு மையத்தில் வாரம் இரண்டு நாள் இருக்கிறேன். நாற்பது வயதுப் பெண் ஒருவர் வந்தார். முதல் நாளே, நான் சாப்பிட்டேனா, உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் விசாரித்தார். நான் பதில் சொல்லாமல் பேச்சை அவர் பக்கமே திருப்பினேன். அடுத்த முறை வீட்டில் செய்த புதோ என்ற அரிசிப் பலகாரம் கொண்டுவந்தார். எதுவும் வாங்கக் கூடாது என்ற விதியைச் சொல்லி மறுத்துவிட்டேன். மூன்றாம் முறை நான் சொன்னதற்கெல்லாம் ‘ஓப்போ’, அதாவது ‘ஆமாங்க’ என்று தலையாட்டினார். நான்காம் முறை வரவேயில்லை. ‘முதலில் உறவு’ என்கிறார் என் மேற்பார்வையாளர். நெருங்கிப் பழகினால் தொழில் எல்லை என்னாவது?
- ஒரு வாசகி, கேசோன் சிட்டி

பதில்: மேற்பார்வையாளர் சொன்னதுதான் சரி. ஆனால் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். விஷயம் கொஞ்சம் நீளம்.

அந்தப் பெண் உங்கள் சொந்த விஷயத்தைத் துருவவில்லை. உங்களை எங்கே வைப்பது என்று பார்த்திருக்கிறார். அங்கே பேசும் தகாலோக் மொழியில் ‘இபாங் தாவோ’ என்றால் வேற்று மனிதர். ‘ஹிண்டி இபாங் தாவோ’ என்றால் வேற்று மனிதர் அல்லர். ‘நீங்க என்ன வேத்தாளா?’ என்று நாம் கேட்கிறோமே, அதே கோடுதான். மனதில் இருப்பதை எவ்வளவு வெளியே எடுப்பது என்பது அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இதை உளவியலாக எழுதிவைத்தவர் நீங்கள் இருக்கும் ஊரிலேயே, பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலிமான் வளாகத்தில் கற்பித்த விர்ஹிலியோ என்ரிகெஸ். அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்து 1971-இல் திரும்பியவர். அங்கே படித்த உளவியல் தன் மக்கள்மேல் சரியாக உட்காரவில்லை என்று கண்டு, ‘சிகோலோஹியாங் பிலிப்பினோ’ என்ற தனி வழியை உருவாக்கினார். 1976-இல் கார்மென் சந்தியாகோவும் அவரும் பழக்கத்தின் படிகளை எட்டாகப் பிரித்தார்கள். முதல் ஐந்தும் வேற்று மனிதரிடம் பழகுவது. முதற்படி ‘பகிகிதுங்கோ’, வெறும் மரியாதை. ஐந்தாவது ‘பகிகிசாமா’, ஒத்துப்போவது. ஆறாவதில்தான் வேற்றுமை போகிறது. அதன் பெயர் ‘பகிகிபக்பலகயாங்-லோஒப்’. இதைத் தடுமாறாமல் சொல்ல எனக்கே பல நாள் ஆனது. ஒருவர் உள்ளம் இன்னொருவரிடம் நிம்மதியாக இருப்பது என்று பொருள் சொல்லலாம். ஆய்வுக்குப் போகிறவர்கள் இந்தப் படியையாவது தொடாமல் திரட்டும் தகவலை நம்ப முடியாது என்பது அவர்கள் வாதம். ஆய்வாளருக்குச் சொன்னதுதான், ஆலோசகருக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

இப்போது அந்த ‘ஓப்போ’வைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். அது சம்மதம் அல்ல, முதற்படியின் மரியாதை. இரண்டாம் முறை புதோவோடு ஒரு படி ஏற வந்தவரை நீங்கள் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டீர்கள். ஏற்கெனவே ‘ஹியா’, அதாவது கூச்சம், அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். முகம் தெரியாத ஒருவரிடம் குடும்ப விஷயம் சொல்ல வந்ததே பெரிய காரியம். அதன்மேல் நீட்டிய கையும் வெறுமனே திரும்பினால்?

என்ரிகெஸ் எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்த சொல் ‘கப்வா’. இதை ‘பிறர்’ என்று மொழிபெயர்த்தால் கெட்டுவிடும், ஏனென்றால் பிறர் என்றதுமே நான் தனியாகிவிடுகிறேன். கப்வாவில் நானும் இருக்கிறேன். நம்முடைய ‘சக’ கொஞ்சம் அருகில் வருகிறது. அந்தப் பெண்ணின் கணக்கில் ஆலோசகரும் அதற்குள் அடக்கம்தான். தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லாதவர் அவருக்கு நடுநிலையாளராகத் தெரிய மாட்டார், ஒதுங்கி நிற்பவராகத்தான் தெரிவார். ‘எனக்கு ஒரு தம்பி, சென்னையில் இருக்கிறான்’ என்று சொன்னால் எந்த எல்லையும் உடையாது.

அப்புறம் ‘பகிகிராம்தாம்’. சொல்லாததை உணர்ந்து பிடிப்பது. சங்கடம் நேராக வராது. ‘ஓகே லாங்’, அதாவது ‘பரவாயில்லை’ என்ற பதிலின் இழுவையில் வரும், ‘என் தோழி ஒருத்திக்கு’ என்று தொடங்கும் கதையில் வரும். அந்தத் தோழியைப் பற்றியே பேசுங்கள். ‘அது நீங்கள்தானே?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எல்லை பற்றிய உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அது இருக்கும் இடம் வேறு. ரகசியம், பணம், உடல் உறவு ஆகியவற்றில் நீங்கள் படித்த விதி எங்கேயும் விதிதான். பிலிப்பைன்ஸின் 2018 மனநலச் சட்டமும் ரகசியக் காப்பைச் சொல்கிறது. நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது ‘ஊதாங் நா லோஒப்’. ஊதாங் என்றால் கடன், லோஒப் என்றால் உள். நாம் நன்றிக்கடன் என்கிறோம். நெருங்கிய பிறகு அவர் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டவராகிவிடுவார். உங்கள் யோசனை பலிக்கவில்லை என்றாலும் வாய் திறக்க மாட்டார், உங்களுக்கு வருத்தம் வருமே என்று. அதனால்தான் புதோவை வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். அவர் சின்னச் சின்னதாகத் திருப்பித் தந்துவிட்டால் கடன் மலையாக ஏறாது. ‘இது சிலருக்கு ஒத்துவருவதில்லை, உங்களுக்கு எப்படி?’ என்று நீங்களே வழிவிட்டுக் கேளுங்கள்.

இந்த நன்றிக்கடனைக் கொண்டாடி மட்டுமே எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தம்பி தங்கைகளின் படிப்புச் செலவை இருபது வருடம் சுமந்து, தனக்கென்று ஒன்றும் மிச்சமில்லாத மூத்த மகள்கள் உண்டு. அவர்களைக் கட்டிப்போடுவதும் இதே கயிறுதான். அதற்காக ‘குடும்பத்திடம் முடியாது என்று சொல்லுங்கள்’ என்று அடுத்த வாரமே ஆரம்பிக்காதீர்கள். ஆறாம் படிக்குப் போகாமல் சொன்னால் அதற்கும் ஒரு ‘ஓப்போ’தான் கிடைக்கும்.

சரி, இப்போது என்ன செய்வது? மேற்பார்வையாளரைக் கேட்டுக்கொண்டு, மையத்தின் வழக்கப்படி ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். ‘குமுஸ்தா போ’ என்று நலம் விசாரித்தால் போதும். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். வந்தால் முதலில் சாப்பிட்டாரா என்று கேளுங்கள், விட்டுப்போன வாரத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். மறுபடியும் புதோ கொண்டுவந்தால் அவர் முன்னாலேயே ஒன்றை எடுத்துச் சாப்பிடுங்கள். பெயரைக் கேட்டால் புட்டு, பார்த்தால் இட்லி. மேலே தேங்காய்த் துருவல் இருந்தால் இரண்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.