கெர்னலில் ஐந்து 90 வேண்டாம்

கேள்வி: லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு ஃபங்ஷனின் தொடக்கத்தில் ஐந்து பைட் இடம் விட்டு, ஒன்றும் செய்யாத நாப் கட்டளையான, ஹெக்ஸ் 90-ஐ ஐந்து முறை நிரப்பினேன். வேண்டும்போது என் மாட்யூலை அழைக்கும் கால் கட்டளையை அதன்மேல் எழுதுகிறேன். எட்டு கோர் இன்டெல் கணினி சில நாள் ஓடி, திடீரென்று உறைந்துவிடுகிறது. 90-ஐப் போட்டது தவறா, எழுதும் முறை தவறா? இரண்டு பைட் ஜம்ப் போட்டால் சரியாகுமா?
வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: இரண்டுமே தவறுதான்.

ஐந்து தனி நாப் என்றால் நடுவே நான்கு இடங்களில் இன்டரப்ட் புகலாம். ஒரு த்ரெட் இரண்டு 90-ஐ முடித்ததும் ஷெட்யூலர் அதை நிறுத்தி வைக்கிறது. அந்த நேரம் பார்த்து நீங்கள் இ8 00 02 00 00 என்ற கால் கட்டளையை எழுதுகிறீர்கள். த்ரெட் திரும்பி வந்து மூன்றாம் பைட்டில் தொடரும். அங்கே இருப்பது 02 00. ஆர்ஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) காட்டும் முகவரியில் உள்ளதை, அதன் கடைசி பைட்டான ஏஎல்லோடு கூட்டு என்று ப்ராசஸர் அதைப் படிக்கும். நான்காம் பைட்டில் தொடர்ந்தால் இன்னும் மோசம்: 00 00 நினைவகத்திலேயே கூட்டி எழுதிவிடும். எங்கோ ஒரு தரவு கெட்டு, வெகுநேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் கணினி விழும்.

ஐந்து பைட்டுக்கு ஒரே நாப் இருக்கிறது: 0எஃப் 1எஃப் 44 00 00. த்ரெட் அதற்கு முன்னால் நிற்கும், அல்லது தாண்டியிருக்கும். நடுவில் நிற்கவே முடியாது. ஃபங்ஷன் அழைப்புகளைக் கண்காணிக்க லினக்ஸிலேயே உள்ள வசதியான எஃப்ட்ரேஸ் வைப்பதும் இதைத்தான்.

அடுத்து, எழுதும் முறை. ஐந்து பைட்டையும் ஒரே வீச்சில் எழுதினால், இன்னொரு கோர் பாதி பழையதும் பாதி புதியதுமாகப் படிக்கக்கூடும். முதல் பைட்டில் மட்டும் சிசி, அதாவது பிரேக்பாயின்ட், வையுங்கள். பழையதை விட்டுப் புதிய பைட்டையே படிக்கும்படி எல்லாக் கோர்களையும் ஒத்திசையுங்கள். மீதி நான்கு பைட்டை எழுதி மறுபடி ஒத்திசையுங்கள். கடைசியாக முதல் பைட்டை மாற்றி, இன்னொரு முறை ஒத்திசையுங்கள். இடையில் சிசியில் மாட்டும் கோரை ஐந்து பைட்டுக்கு அப்பால் அனுப்ப ஹேண்ட்லர் முன்பே தயாராக இருக்க வேண்டும். இதைச் சொந்தமாக எழுதுவதைவிட எஃப்ட்ரேஸ் வழியாகவே போவது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரண்டு பைட் ஜம்ப் பின்னால் 128, முன்னால் 127 பைட்தான் எட்டும், மாட்யூலுக்குப் போதாது. கால் கட்டளையில் எழுதும் தூரத்தை, அந்தக் கட்டளை முடியும் இடத்திலிருந்து கணக்கிடுங்கள். ஹெக்ஸில் 1000-இல் உள்ள கால் 1205-க்குப் போக, 1205-இலிருந்து 1005-ஐக் கழித்தால் 200. சிறிய பைட் முதலில் வருவதால் 00 02 00 00.

ஃபங்ஷன் எஃப்3 0எஃப் 1இ எஃப்ஏ என்று, அதாவது மறைமுகத் தாவல் வந்து சேரலாம் என்று குறிக்கும் எண்ட்பிஆர்64 கட்டளையோடு, தொடங்கினால் அந்த நான்கு பைட்டைத் தொடாதீர்கள். உங்கள் இடம் அதற்குப் பின்னால்தான். எழுதும் முன் ஐந்து பைட்டையும் படித்துப் பாருங்கள். எதிர்பார்த்த நாப் அங்கே இல்லையென்றால் எழுதாமல் பிழை காட்டித் திரும்புங்கள்.