ஊர் திரும்பும் பாட்டை எழுதியவர்

கேள்வி: மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஒருவன் தன் ஊரைக் கனவில் காணும் 'கிரீன், கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்' என்ற பாடலை டாம் ஜோன்ஸின் குரலில் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அதை எழுதியவர் வேறொருவர் என்று அண்மையில் அறிந்தேன். அவரைப் பற்றிச் சொல்லுங்களேன்.

பதில்: எழுதியவர் கர்லி பட்மன். 'கர்லி' என்பது பட்டப்பெயர். இயற்பெயர் கிளாடு பட்மன் ஜூனியர். 1930 நவம்பர் 20 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பிரின்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை மர அறுவை ஆலைத் தொழிலாளி. அவர்கள் வாழ்ந்த மலைக்கே பட்மன் மலை என்றுதான் பெயர். தன் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய மண்ணில் பிறந்த ஒருவர் ஊர் திரும்புதலைப் பற்றி எழுதியதில் எனக்கு வியப்பில்லை.

நான்கு ஆண்டுகள் கடற்படையில் பணிபுரிந்தார். பின்னர் செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்துகொண்டே ஸ்டீல் கிட்டார் வாசித்தார். 1960களின் நடுப்பகுதியில் நாஷ்வில் நகரின் ட்ரீ இசைப் பதிப்பகம் அவரை வேலைக்கு அமர்த்தியது. பதிப்பகத்தின் பாடல்களைப் பாடகர்களிடம் கொண்டுசேர்ப்பதே அந்த வேலை. அந்தக் காலத்தில்தான் நீங்கள் குறிப்பிடும் பாடலை எழுதினார். காயம்பட்ட குற்றவாளி ஒருவன் தான் சிறுவனாக வாழ்ந்த குதிரைப் பண்ணைக்குத் திரும்பி, அந்தப் புல்வெளியில் விழுந்து உயிர்விடும் 'தி அஸ்ஃபால்ட் ஜங்கிள்' என்ற பழைய திரைப்படம் அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. 1965இல் போர்ட்டர் வேகனர் பாடிப் புகழ்பெற்ற அப்பாடலை, அதே ஆண்டு ஜெரி லீ லூயிஸும் பதிவு செய்தார். அவருடைய இசைத்தட்டின் வழியாக அதைக் கேட்ட டாம் ஜோன்ஸ் தாமும் பாட, 1966 டிசம்பரில் தொடங்கி ஏழு வாரங்கள் பிரிட்டனில் அது முதலிடத்தில் நின்றது.

ரயிலடியில் காத்திருக்கும் தாய் தந்தை, ஓடிவரும் காதலி, சிறுவயதில் ஏறி விளையாடிய ஓக் மரம் என்று ஒவ்வொன்றாக நம் கண்முன் வைத்துவிட்டு, இவை எல்லாம் கனவு என்றும், விடிந்தால் அதே மரத்தின் நிழலில் அவனைப் புதைக்கவே அத்தனை பேரும் கூடுவார்கள் என்றும் சொல்கிற இடத்தில், அழுகையைக் கோரும் ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: சிறை, மணமுறிவு, சாவு என்று எழுதியவர் சொந்த வாழ்வில் நிறைவான குடும்பத்தலைவராக இருந்தார் என்கிறார்கள். பட்டவர்தானே துயரத்தை எழுத முடியும்?

பதில்: அப்படித்தான் பலரும் நம்புகிறோம். ஆனால் 1956இல் மணந்த மனைவியோடு அறுபது ஆண்டுகள் வாழ்ந்து, இரண்டு மகன்களை வளர்த்து, 2016 அக்டோபர் 30 அன்று தமது 85ஆம் வயதில் மறைந்தவர் பட்மன். இழக்கத் தகுந்த ஒன்றைக் கையில் வைத்திருந்தவர் என்பதாலேயே, அதன் இழப்பு எவ்வளவு கனக்கும் என்பதை அவரால் துல்லியமாக அளக்க முடிந்தது என்பது என் எண்ணம்.

1968இல் டாமி வைனெட் பாடிய 'டி-ஐ-வி-ஓ-ஆர்-சி-இ' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வயது மகனுக்குப் புரிந்துவிடக்கூடாது என்பதற்காக மணமுறிவைக் குறிக்கும் 'டிவோர்ஸ்' போன்ற ஆங்கிலச் சொற்களைத் தாய் எழுத்தெழுத்தாகச் சொல்வதுதான் அதன் கரு. பாடலாசிரியர் பாபி பிராடக் எழுதிய அப்பாடலை எவரும் பதிவு செய்ய முன்வராதபோது அவர் பட்மனிடம் காரணம் கேட்டார். மெட்டு அந்தத் துயரத்துக்குப் பொருந்தாமல் மகிழ்ச்சியாக ஒலிக்கிறது என்று சொன்ன பட்மன், அதைச் சோகமாக மாற்றிக் கொடுத்தார். அந்தப் பொருத்தமின்மை அவர் காதில் விழுந்ததற்குத் தொழில் தேர்ச்சியோடு, பிள்ளை பெற்ற தகப்பனின் மனமும் காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அவ்விருவரும் சேர்ந்து எழுதிய 'ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே' பாடலில், காதலிப்பதைச் சாகும் நாளில்தான் நிறுத்துகிறான் ஒருவன். தயாரிப்பாளர் பில்லி ஷெரில் அதைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதச் சொன்னார். பாடிய ஜார்ஜ் ஜோன்ஸோ இவ்வளவு துயரமான பாட்டை யாரும் வாங்கமாட்டார்கள் என்று நம்பினார். 1980இல் வெளிவந்த அப்பாடல் முதலிடம் பெற்றதோடு, அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த 'கன்ட்ரி' இசைக்கான சங்கத்தின் ஆண்டுச் சிறந்த பாடல் விருதை 1980, 1981 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வென்றது.

கேள்வி: பீட்டில்ஸ் இசைக்குழுவில் பாடிய பால் மெக்கார்ட்னி அவர் வீட்டில் தங்கியிருந்தாராமே?

பதில்: ஆம். நாஷ்வில்லுக்குக் கிழக்கே லெபனான் என்ற ஊரில் பட்மனுக்கு ஒரு பண்ணைவீடு இருந்தது. 1974 கோடையில் மெக்கார்ட்னி தம் குடும்பத்தோடும் விங்ஸ் என்ற தம் இசைக்குழுவோடும் ஏறத்தாழ ஆறு வாரங்கள் அங்கே தங்கினார். அவ்வாண்டே வெளிவந்த 'ஜூனியர்ஸ் ஃபார்ம்' பாடலின் தலைப்பு, வீட்டுக்காரரான கிளாடு பட்மன் ஜூனியரின் பெயரிலிருந்து வந்தது.