கூலன்ட் சென்சார் பழுதா, வயரிங் பழுதா? கேள்வி பதில்

கேள்வி: செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0118 என்று வருகிறது. சாவியைத் திருப்பியவுடனே ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது. என்ஜினைக் குளிர்விக்கும் நீரின் (கூலன்ட்) வெப்பத்தை அளக்கும் சென்சாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா, ஐயா?

பதில்: சற்றுப் பொறுங்கள். சென்சாரின் மின்சுற்றில் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது என்பதைத் தவிர அந்தக் குறியீடு வேறெதையும் சொல்வதில்லை. இசியூ, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, சென்சாரில் நிற்கும் வோல்டேஜைக் கொண்டு வெப்பத்தைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்திருந்தாலும், கனெக்டர் களிம்பேறியிருந்தாலும், சென்சாரே உள்ளுக்குள் அறுந்திருந்தாலும் ஏறத்தாழ 5 வோல்ட் முழுவதும் அப்படியே தெரியும். ஸ்கேனர் பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். உண்மை வெப்பம் தெரியாத நிலையில் என்ஜினைக் காப்பதற்காகவே இசியூ ஃபேனை ஓடவிடுகிறது.

உங்களுடையது இரண்டு வயர் சென்சார் என்றால், கனெக்டரைக் கழற்றி அதன் இரு முனைகளையும் சிறு வயரால் இணைத்துவிட்டு ஸ்கேனரைப் பாருங்கள். அளவு 130 டிகிரிக்கு மேல் தாவினால் வயரிங் சரியாக உள்ளது, சென்சாரை மாற்றலாம். மைனஸ் 40 அசையாமல் நின்றால், புதுச் சென்சார் வாங்கும் பணம் வீண். வயரிங்கைத்தான் தேட வேண்டும்.

கேள்வி: எந்தக் குறியீடும் இல்லை. ஆனால் மைலேஜ் குறைந்துவிட்டது, சூடான என்ஜின் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை, கரும்புகையும் வருகிறது. சென்சார் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். என்ஜின் குளிர்ந்திருப்பதாகச் சென்சார் தவறாகச் சொன்னால், இசியூ தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கும். அளவு எல்லைக்குள்ளேயே பிசகுவதால் விளக்கு எரியாமலும் போகலாம். இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரை இணைத்து, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஓரிரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து டிகிரி விலகினால் சென்சாரைக் கழற்றி, வெந்நீரில் அதன் முனையை வைத்து மல்டிமீட்டரால் அளக்கலாம். பல கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். துல்லியமான அளவுக்கு உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

கேள்வி: கூலன்ட் வெப்பம் நெடுஞ்சாலையில் 65 டிகிரியைத் தாண்டுவதில்லை, நகர நெரிசலில் 85 வருகிறது.

பதில்: சென்சார் சரியாகவே சொல்கிறது. ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே நிற்கிறது.

கேள்வி: புதுச் சென்சார் போட்ட பிறகு அளவு ஏறி இறங்குகிறது.

பதில்: சென்சாரைக் கழற்றியபோது கூலன்ட் வழிந்து, உள்ளே காற்று புகுந்திருக்கும், முனை நீரில் மூழ்காமல் காற்றுக்குமிழியில் நின்றால் அளவு இப்படித்தான் தடுமாறும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறந்து, மேனுவல் கூறும் முறைப்படி காற்றை வெளியேற்றிக் கூலன்ட்டை நிரப்புங்கள்.