போரில் வாங்காத சேனா மெடலுக்கு மாதத் தொகை உண்டா?

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா போன வருடம் காலமானார். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்டதற்காக சேனா மெடல் வாங்கியவர். “போரில் வாங்கியது இல்லையே, பணம் எதுவும் வராது” என்கிறார்கள் ஊரில். அம்மாவுக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: ஊரார் பேச்சைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். எதிரியை நேருக்கு நேர் சந்திக்காத இடத்தில் காட்டும் துணிச்சலுக்கென்றே 1952-ல் ஏற்படுத்தியவைதான் இன்றைய அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌர்ய சக்கரம் மூன்றும். விண்வெளிக்குப் போய்வந்த ராகேஷ் சர்மா வாங்கியது அசோக சக்கரம். ஆற்று வெள்ளத்தில் உயிரைப் பணயம் வைப்பதும் வீரம்தான்.

சேனா மெடலில் மட்டும் ஒரு சிக்கல். 1960-ல் வந்த இந்தப் பதக்கத்தை வீரச்செயலுக்கும் தருகிறார்கள், சிறந்த கடமையுணர்வுக்கும் தருகிறார்கள். இரண்டுக்கும் ஒரே பதக்கம், ஒரே ரிப்பன். முகப்பில் நிமிர்ந்து நிற்கும் துப்பாக்கிக் கத்தியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எந்த வகை என்று தெரியாது. ஆனால் மாதத் தொகை வீரத்துக்கான வகைக்கு மட்டுமே. 2017 ஆகஸ்டில் அதை இரட்டிப்பாக்கி 2,000 ரூபாய் ஆக்கினார்கள். சௌர்ய சக்கரத்துக்கு 6,000, அசோக சக்கரத்துக்கு 12,000. விருது பெற்றவர் இறந்தால் அவருடைய மனைவிக்கு அது தொடரும். விசிஷ்ட சேவா மாதிரியான சேவைப் பதக்கங்களுக்கு இந்தத் தொகை கிடையாது.

ஆகவே முதலில் விருது அறிவிப்பு வந்த அரசிதழையும், அப்பா என்ன செய்தார் என்று விவரிக்கும் பாராட்டுரையையும் தேடுங்கள். வீட்டில் இல்லையென்றால் அவருடைய ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அவருடைய ராணுவ எண் அவசியம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும், மெடலின் விளிம்பிலும் பொறித்திருப்பார்கள்.

வீரத்துக்கானது என்று உறுதியானால், அப்பாவின் ஓய்வூதிய ஆணையில் இந்தத் தொகை ஏறியிருந்ததா என்று பாருங்கள். பலருக்கு இங்கேதான் விடுபட்டுப் போகிறது. அப்புறம் அரசிதழ் நகல், இறப்புச் சான்று, அம்மாவின் குடும்ப ஓய்வூதிய ஆணை மூன்றோடும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். மாநில அரசு தரும் ரொக்கப் பரிசு இதிலிருந்து தனி. அப்பா அதை வாங்கினாரா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.