நான்கு மொழி பேசும் சுவிட்சர்லாந்து எப்படி ஒரே நாடானது?

பேர்ன் பக்கம் இருபது வருடமாக இருக்கிறேன். பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். நான்கு மொழி என்றால் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ்.

1291-இல் ஊரி, ஷ்வீட்ஸ், உன்டர்வால்டன் என்ற மூன்று மலைப் பகுதிகள் ஆபத்தில் துணை நிற்போம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. நாடு அன்றே பிறந்தது என்பார்கள். ஒப்பந்தம் உண்மைதான், நாடுதான் பிறக்கவில்லை. அடுத்த 500 வருடம் அது வெறும் கூட்டணி. 1513-இல் உறுப்புக் கன்டோன்கள் (மாநிலம் மாதிரி) 13. பிரைபூர்க்கில் மட்டும் இரு மொழி கலந்திருந்தது, மற்றவற்றில் ஜெர்மன்தான்.

அப்போது பிரெஞ்சும் இத்தாலியனும் பேசியவர்கள்? பெரும்பாலோர் ஆளப்பட்டவர்கள். லொசான் இருக்கும், பிரெஞ்சு பேசும் வோ பகுதியை 1536-இல் பேர்ன் படையெடுத்துப் பிடித்தது. இத்தாலியன் பேசும் டிசினோவை ஜெர்மன் கன்டோன்கள் அதிகாரி அனுப்பி ஆண்டன. எல்லோரும் ஆசைப்பட்டுக் கைகோத்தார்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். 1798-இல் பிரெஞ்சுப் படை புகுந்து பழைய ஏற்பாட்டை உடைத்தது. 1803-இல் வோ, டிசினோ உட்பட ஆறு புதிய கன்டோன்களைப் பழையவற்றுக்குச் சமமாக உட்கார வைத்தவர் நெப்போலியன். ஜெனீவா வந்தது 1815-இல்.

சரி, சண்டை மொழியால் வந்ததா? இல்லை, மதத்தால். 1845-இல் ஏழு கத்தோலிக்கக் கன்டோன்கள் தனி அணி கட்ட, 1847-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை, செத்தவர்கள் நூறு பேரளவில்தான். கூட்டாட்சிப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனீவாக்காரர் டுஃபூர், காயம்பட்ட எதிரியையும் காப்பாற்றச் சொன்னவர். பிறகு செஞ்சிலுவையைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். வேடிக்கை என்னவென்றால், அந்த 1291 கன்டோன்கள் மூன்றும் இருந்தது தோற்ற கத்தோலிக்கப் பக்கம். 1848 அரசியலமைப்பையும் அவை ஏற்கவில்லை.

என் கணக்கில் நாடு உருவானது இதற்கு அப்புறம்தான். தோற்றவர்களை ஒடுக்கவில்லை. பெரிய கன்டோனோ சின்னதோ, மேலவையில் ஆளுக்கு இரண்டு இடம். பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் அவரவர் பொறுப்பு. 1891-இல், அந்த 1291 ஒப்பந்தத்தின் 600-ஆம் ஆண்டில், ஆகஸ்ட் 1-ஐ நாட்டின் பிறந்தநாளாக முதன்முறை கொண்டாடினார்கள். அதாவது தோற்றவர்களையே மூதாதையர் ஆக்கிவிட்டார்கள்! அதே வருடம் ஏழு பேர் அமைச்சரவையில் முதல் கத்தோலிக்கப் பழமைவாதி ட்செம்ப் இடம்பிடித்தார்.

இன்னொன்று, மதக் கோடும் மொழிக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. ஜெனீவா மரபுப்படி பிரெஞ்சு பேசும் புராட்டஸ்டன்ட், வலே பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கம். ஒரு விஷயத்தில் எதிரி, இன்னொன்றில் கூட்டாளி. இரண்டு கோடும் ஒன்றாக விழுந்தது, ஜெர்மன் பேசும் புராட்டஸ்டன்ட் பேர்னுக்குள் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர் இருந்த வட ஜூரா பகுதியில். அங்கேதான் உடைந்தது, 1979-இல் ஜூரா தனிக் கன்டோன் ஆனது.

இன்றும் குடியுரிமை வேண்டுமென்றால் ஊர்ச்சபை, கன்டோன், நாடு என்று மூன்று படி ஏற வேண்டும். என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதி நாங்கள் இருக்கும் கிராமத்தைப் பற்றியவை. சுவிஸ் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் போடுவதில்லை, பூர்வீக ஊர்தான் இருக்கும். எனக்குக் குடியுரிமை தந்த கிராமத்தின் பெயரே அதில் பூர்வீக ஊராக ஏறிவிட்டது. யாழ்ப்பாணம் போனபோது அம்மாவிடம் காட்டி விளக்கினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது ஆருடைய ஊரடா?" என்றார்.