ஆண்களுக்கு முகாம் போட்டுப் பால்வினைத் தொற்றுப் பரிசோதனை: கட்டுப்படியாகுமா?

கேள்வி: எங்கள் விளையாட்டுக் குழுவின் இளைஞர்கள் எல்லோருக்கும் கிளாமிடியா (உடலுறவால் பரவும் ஒரு பாக்டீரியாத் தொற்று) பரிசோதனை செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கிட் விலை குறைவுதானே, பிறகு ஏன் செலவு அதிகம் என்கிறார்கள்?

பதில்: கிட்டோடு செலவு முடிவதில்லை. முகாமுக்கு ஆள், லேப், முடிவைச் சொல்லும் போன் அழைப்பு, பாசிட்டிவ் வந்தவரைத் தேடிப் பிடித்துச் சிகிச்சைக்கு வரவைப்பது என்று நீளும். இங்கிலாந்தில் தேசியத் தணிக்கை அலுவலகம் 2009இல் கணக்குப் பார்த்தபோது, ஒரு கிளாமிடியா பரிசோதனைக்குச் சராசரியாக 56 பவுண்டு ஆகியிருந்தது. சிக்கனமாக நடத்தியிருந்தால் 33 பவுண்டில் முடிந்திருக்கும்.

ஆனால் நான் முதலில் கேட்பது, ஒரு தொற்றைக் கண்டுபிடிக்க எவ்வளவு ஆனது என்றுதான். பரிசோதனைக்கு 50 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரில் 5 பேருக்குத் தொற்று இருந்தால் ஒன்றைக் கண்டுபிடிக்க 1,000 பவுண்டு. ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால் 5,000. முகாம் அதே முகாம்தான். உங்கள் குழு இதில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கிட் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: தொற்று குறைவாக உள்ள கூட்டத்தில் வரும் பாசிட்டிவை நம்பலாமா?

பதில்: அரைகுறையாகத்தான். தொற்று இல்லாத நூறு பேரில் 99 பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் பரிசோதனை என்று கொள்வோம். ஆயிரம் பேரில் 10 பேருக்குத்தான் உண்மையில் தொற்று. மிச்சமுள்ள 990 பேரிலும் சுமார் 10 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும். வரும் பாசிட்டிவில் பாதிக்குப் பாதி பொய்! அந்தப் பத்துப் பேர் வீட்டில் கிளம்பும் சண்டையை எந்தப் பொருளாதார மாதிரியிலும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: ஆணுக்குச் சிகிச்சை கொடுத்தால் அவர் துணையும் தப்பிப்பாரே? அதைக் கணக்கில் சேர்ப்பார்களா?

பதில்: சேர்ப்பார்கள். சொல்லப்போனால் பயனில் பெரும்பங்கு அதுதான். கிளாமிடியாவால் இடுப்பு அழற்சி, கருக்குழாய்க் கர்ப்பம், குழந்தையின்மை என்று பெரிய பாதிப்பெல்லாம் பெண்களுக்கே. ஆனால் பரவல் நிஜமாகவே குறைகிறதா என்பதில்தான் இடிக்கிறது. நெதர்லாந்தில் 2008இல் தொடங்கி, இளம் ஆண், பெண் இருபாலருக்கும் ஆண்டுதோறும் அழைப்பு அனுப்பினார்கள். முதல் சுற்றில் 16% பேர் பரிசோதித்தார்கள், மூன்றாவதில் 10%கூட இல்லை. தொற்று குறைந்ததாக உறுதியாகக் காட்ட முடியவில்லை. இங்கிலாந்தும் 2021இல், பாலியல் நல மருத்துவமனைகளுக்கு வெளியே தானாக முன்வந்து கிளாமிடியா பரிசோதனை வழங்குவதை இளம் பெண்களோடு நிறுத்திக்கொண்டது.

கேள்வி: அப்படியானால் இருக்கிற பணத்தை எதில் போடுவது?

பதில்: பாசிட்டிவ் வந்தவரின் துணைகளுக்குத் தகவல் சொல்லி அவர்களையும் சிகிச்சைக்குக் கொண்டுவருவதில். அங்கே தேடாமலே தொற்று அதிகம் கிடைக்கும். இங்கிலாந்து நிலவரத்தை வைத்து 2011இல் வந்த ஒரு கணிப்பு ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. ஒரு பக்கம், பரிசோதிக்கப்படும் ஆண்களை 24% ஆக்குவது. இன்னொரு பக்கம், ஒரு நோயாளிக்குச் சராசரியாக 0.4 துணை சிகிச்சை பெறுவதை 0.8 ஆக்குவது. முன்னதற்கு ஆறு மடங்குக்கு மேல் செலவு. கூடுதலாகக் குணமாகும் தொற்றுகளோ இரு மடங்குதான்.

கேள்வி: ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கும் இதே கணக்கா?

பதில்: இல்லை, தொற்று விகிதம் அதிகம் என்பதால் கணக்கே வேறு. ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஆபத்து கூடுதல் என்றால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறார்கள். சிறுநீர் மட்டும் போதாது. தொண்டை, ஆசனவாய் மாதிரியும் எடுக்க வேண்டும். சிஃபிலிஸ், ஹெச்ஐவிக்கு ரத்தம்.

கேள்வி: எனக்கு இரண்டு நாளாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். முகாம் வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். முகாம் என்பது அறிகுறி இல்லாதவர்களுக்கு. நீங்கள் இன்றே மருத்துவரிடம் போங்கள், துணையையும் அழைத்துச் செல்லுங்கள்.